மலைச் செய்தி, பன்னிரண்டாம் இதழ்

பூபாலசிங்கத்துக்கு இரண்டு சம்சாரம் என்று அவருடைய மனைவி நேசமலர் கொழும்பு வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். மூத்தவள் அவளேதான். இளையவள் ஏழாயிரம் அடி உயரத்தில், குளிருக்குள், மூடுபனியைப் போர்த்துக்கொண்டு கிடக்கிறாள். அவளுக்கு ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா என்று அரசாங்கம் பேர் வைத்திருக்கிறது. "என்னோடை ஒருக்கா மார்க்கெட்டுக்கு வாங்கோ எண்டால் முழங்கால் நோகுது எண்டுவார். அவளிட்டைப் போறதெண்டால் விடியக் காலமை எழும்பிச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நிப்பார்" என்று கீழ்மாடிப் பெண்களிடம் முறைப்படுவாள். முறைப்பாட்டில் கொஞ்சம் கோபம் இருந்தது உண்மைதான். ஆனால் சொல்லி முடிக்கும்போது சிரித்துவிடுவாள்.

அந்த இளையவள்மேல் நேசமலருக்கு உள்ளுக்குள் ஒரு நன்றி இருந்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு, வவுனியாவில் கிடந்து, இராணுவத்தின் பயண அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்து, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை எடுத்துக் குடியேறிய முதல் மூன்று மாதமும் அந்த மனுசன் பேசவேயில்லை. யன்னலடியில் கதிரையைப் போட்டுக் கரையோர ரயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடுவமோ என்றால் "ஓம்." தேத்தண்ணி ஊத்தட்டோ என்றால் "ஓம்." வீடு போய்விட்டது என்றாலும் "ஓம்" தான். ஒரு மனுசனை இப்படிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இழந்துவிடலாம் என்று அவள் அப்போதுதான் கண்டாள்.

அவரை மீட்டுக் கொடுத்தது ஒரு துண்டுக் கடுதாசி. ஒழுங்கை முகப்பில், காலி நகருக்குப் போகும் பெருவீதியைப் பார்த்தபடி, அலவியின் போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. வடக்கிலிருந்து வந்தவர்கள் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்கு அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கப் போன இடத்தில் பூபாலசிங்கம் அந்த விளம்பரத்தைக் கண்டார். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஹியூபேட் என்பவர் ஒட்டியது. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற மனுசன். மலைப் பூங்காவைக் காக்க ஒரு அன்பர் வட்டம் நடத்துகிறார், மாதாந்தச் செய்தியிதழைத் தமிழிலும் எழுத ஒரு ஆள் வேண்டும் என்று அதில் இருந்தது. பூபாலசிங்கம் நில அளவையாளராக இருந்தவர். இருபத்துநாலு வயதில் அதே மலையில் நாலு மாதம் கூடாரம் போட்டு எல்லை அளந்தவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பின்னேரம் முழுக்கக் கதைத்தார். இரத்தம் குடிக்கும் அட்டை, பனி, மரைமான் கூட்டம், சமையற்காரன் ஒளித்துவைத்த சீனி என்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நேசமலர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்து கேட்டாள்.

இப்படித்தான் 'மலைச் செய்தி' பிறந்தது. நாலு பக்கம், அறுபது பிரதி. முதல் இரண்டு பக்கமும் செய்தி. பொலித்தீன் பை தின்று செத்த மரை, உறைபனியில் கருகிய புல், காட்டுக்குள் நெருப்பு வைத்துச் சமைத்த சுற்றுலாக்காரர். மற்ற இரண்டு பக்கமும் நிகழ்வு. கொட்டாஞ்சேனைக் கோயில் மண்டபத்தில் படக்காட்சி, பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டி, வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டுவிட்டுப்போன முட்செடியைப் பிடுங்க வருசத்தில் ஒரு பயணம். வட்டத்தில் நாற்பத்துமூன்று பேர். அதில் மலையைக் கண்ணால் கண்டவர் பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் பூபாலசிங்கம் எழுதியதைப் படித்தே அந்த மலையில் ஏறி இறங்கினார்கள்.

அச்சுக்குப் போக முதல் ஒவ்வொரு இதழையும் அவர் மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். அவள் தேங்காய் திருவிக்கொண்டே கேட்பாள்.

"ஒரு மரை செத்ததுக்கு ஒரு முழுப் பக்கமோ?"

"அது சினை மரை, நேசம்."

"ஓ... அப்ப சரி."

கொப்பி எடுத்து வந்ததும் முதற் பிரதியை அவளிடம் சபையில் பரிசு கொடுப்பது மாதிரி நீட்டுவார். "இது கோவைக்கு, சேர்த்து வைக்க. அலுமாரியிலை பத்திரமா வை." அவளும் வாங்குவாள். ஆனால் அலவி போடும் தாள் நல்ல மொத்தம், தடித்த தாள். குசினித் தட்டில் விரிக்க அதைவிடச் சிறந்த சாமான் வெள்ளவத்தையில் கிடையாது. பதினொரு இதழும் மிளகாய்த்தூள் ரின்னுக்கும் மல்லிப் போத்தலுக்கும் கீழே விரிந்து கிடந்தன. அலுமாரியைத் திறந்து பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லாதபடியால் அவள் தப்பினாள்.

பன்னிரண்டாம் இதழ் வந்தது தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம். அந்தச் சனிக்கிழமை முட்செடி பிடுங்கும் பயணம். ஒரு வான் வண்டி, பதினாலு பேர். பூபாலசிங்கம் அதற்கென்று ஒரு வழிப்படம் கீறினார். கீறினார் என்றால் சும்மா கோடு இழுத்துவிடுகிற ஆளா அவர்? உயரக்கோடு போட்டார். வடக்கு எது என்று அம்புக்குறி போட்டார். ரயில் நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்த வளைவில் தண்ணீர், காவலர் குடிசை எங்கே, அங்கே காவலர் எத்தனை மணிக்கு மாறுவார் என்றெல்லாம் எழுதினார். மண்வெட்டியும் கையுறையும் அந்தக் குடிசையில் இருக்கின்றன, ஆள் மாறும் நேரத்தில் போனால் குடிசையைத் திறக்கத் திறப்புக் கிடைக்காது என்பது அவருடைய நியாயம். போன வருசம் எண்ணி வைத்த இருநூற்றுப் பதினாலு செடியையும் இருநூற்றுப் பதினாலு பெருக்கல் குறியாகப் போட்டார். எல்லாம் தமிழில்.

அலவி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "சேர், படம் நல்லா ஈக்கு. ஆனா இந்தக் காலத்துல இது தேவையா?"

"படம் இல்லாமல் மலையிலை நடக்கிறது கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி, அலவி."

அளந்தவனுக்கு அளவு மட்டுந்தான் தெரியும். பார்க்கிறவன் கண்ணில் அது என்னவாகத் தெரியும் என்பதை அவனுக்கு ஒருவரும் படிப்பித்திருக்க மாட்டார்கள். நாட்டில் நடக்கிற யுத்தம் என்ன, நாங்கள் எந்த மொழியில் எழுதுகிறோம் என்று அந்த மனுசன் ஒரு நிமிசம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அறுபது பிரதியையும் பையில் போட்டுக்கொண்டு, ஹியூபேட்டிடம் கொடுக்கக் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறிவிட்டார்.

பதினொரு மணிக்கு அலவி மூச்சிரைக்க மாடியேறி வந்தான். கடைக்கு ஹியூபேட் டெலிபோன் பண்ணியிருந்தார். பூபாலசிங்கம் வந்து சேரவில்லை. வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கினார்களாம், ஒரு வயசான ஆளைப் பையோடு ஜீப்பில் ஏற்றியதை வட்டத்து ஆள் ஒருவர் கண்டிருக்கிறார்.

அப்படி ஏறிப் போனவர்களில் எத்தனையோ பேருடைய வீட்டில் இன்னும் சோறு மூடியபடி இருக்கிறது. நேசமலருக்கும் அது தெரியும், அலவிக்கும் தெரியும்.

"அக்கா, நிண்டு யோசிக்க நேரமில்ல. அடையாள அட்டை கொப்பி, பென்ஷன் கடிதம், பொலிஸ் பதிவு எல்லாம் எடுங்க. பழைய இதழ் ஈக்கா? இது மாசாமாசம் வார பேப்பர்னு காட்டணும். நான் கொப்பி எடுத்தா ஒண்ணும் வெக்கிறதில்ல."

அவள் அலுமாரிப் பக்கம் இரண்டு அடி வைத்தாள். பிறகு திரும்பிக் குசினிக்குள் போனாள். ரின்களையும் போத்தல்களையும் நிலத்தில் இறக்கி, பதினொரு இதழையும் ஒவ்வொன்றாக உரித்தாள். ஆறாம் இதழில் மஞ்சள் கொட்டியிருந்தது. மூன்றாம் இதழின் மரைக்கு நல்லெண்ணெய் ஊறி முதுகு பளபளத்தது. அலவி அதைப் பார்த்தும் பாராதது மாதிரி இதழ்களை அடுக்கிக் கொடுத்தான். நல்ல பிள்ளை.

பொலிஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம் வாங்குப் பலகையில் இருக்க வைத்தார்கள். பிறகு பொறுப்பதிகாரி கூப்பிட்டார். ஐம்பது வயது மதிக்கலாம், கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கறுப்பு. மேசையில் அந்தப் படம் விரிந்து கிடந்தது. அவர் சிங்களத்தில் கேட்க, அலவி தமிழில் சொல்ல, அவள் பதில் சொல்ல, அதை அலவி திருப்பிச் சிங்களத்தில் சொன்னான்.

"இது எந்த முகாம்?"

"முகாம் இல்லை, ஐயா. பூங்கா. உங்கடை அரசாங்கத்தின்ரை பூங்காதான்."

"காவலர் மாறும் நேரம் ஏன்?"

"மண்வெட்டி எடுக்க."

"இந்தப் பெருக்கல் குறிகள்?"

"முட்செடி. இருநூற்றுப் பதினாலு."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஒவ்வொரு செடியையும் ஒருவன் எண்ணுவானா?"

"அவர் எண்ணுவார், ஐயா. நான் வாங்கிக்கொண்டு வாற வெண்டிக்காயையும் எண்ணுவார்."

அலவி அதை மொழிபெயர்க்க முதல் சற்றுத் தயங்கினான். பிறகு அப்படியே சொல்லிவிட்டான்.

அவள் பதினொரு இதழையும் மேசையில் வைத்தாள். அறை முழுக்க மிளகாய்த்தூள் வாசம். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரன் இரண்டு தரம் தும்மினான். அதிகாரி ஒன்றை விரல் நுனியால் இழுத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். அலவி வாசிக்கக் குனிந்தான். எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்துத் தெரியவில்லை. நேசமலர் தாளைப் பார்க்காமலே சொல்லத் தொடங்கினாள்.

மூன்றாம் இதழ், செத்த மரை. நாலாம் இதழ், அந்த மலையில் மூன்று ஆறு பிறக்கிறது, அதில் ஒன்று களனி, கொழும்பு குடிக்கிற தண்ணி அங்கேயிருந்து வருகிறது. ஐந்தாம் இதழ், சித்திரப் போட்டியில் பரிசு பெற்ற பிள்ளைகள். வாய் சொல்லிக்கொண்டே போனது. தேங்காய் திருவிக்கொண்டு அரைக் காதால் கேட்டதாகத்தான் அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். ஒரு சொல்லும் சிந்தாமல் எல்லாம் உள்ளே இருந்ததைக் கண்டு அவளுக்கே அதிசயமாக இருந்தது.

அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். "யாழ்ப்பாணத்து ஆள். இவருக்கு ஏன் இந்த மலைமேல் இவ்வளவு அக்கறை?"

அலவி திருப்பிச் சொல்லி முடிக்கு முன்னமே அவளுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. பயம் எங்கேயோ போய்க் கோபம் வந்தது.

"அவர் அளந்த இடமெல்லாம் இப்ப சண்டை, ஐயா. எங்கடை வீடு, வளவு, அவர் படிச்ச பள்ளிக்கூடம் எல்லாம் சண்டைக்குள்ளை. அந்த மலையிலை மட்டுந்தான் ஒருத்தரும் சுடேல்லை. அதையாவது அவர் விரும்பட்டும். விடுங்கோ."

அலவி மெதுவாகச் சொன்னான். அதிகாரி படத்தை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு பூபாலசிங்கத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

சேர்ட் கசங்கி, இடுப்புப் பட்டி இல்லாமல், காற்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் மேசையைக் கண்டார்.

"நேசம்... இது என்ன?"

அவள் மேலே கிடந்த இதழை மெல்லத் திருப்பிப் போட்டாள்.

"இது கோவைப் பிரதி எல்லோ? அலுமாரியிலை வை எண்டு தந்தனான் எல்லோ? பதினொண்டும் மிளகாய்த்தூளுக்குக் கீழையோ?"

"வேறை என்னத்தை விரிக்கிறது? ஒரு நல்ல தாள் வீட்டிலை இருக்கோ? எல்லாத்தையும் உங்கடை மலைக்கெல்லோ குடுக்கிறியள்!"

"ஆறாம் இதழ்! ஆறாம் இதழிலை மஞ்சள்!"

"ஓம், மஞ்சள்தான்! அந்த மஞ்சள்தான் இண்டைக்கு உங்களைக் காப்பாத்த வந்திருக்கு!"

இருவரும் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்கள். அலவி மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டான். மொழிபெயர்க்கவும் தேவைப்படவில்லை. அதிகாரி தொலைபேசியை எடுத்து மலைப் பூங்காவின் பொறுப்பாளருக்கு ட்ரங்க் கோல் போடச் சொன்னார். இணைப்புக் கிடைக்க முக்கால் மணி நேரம். மறுமுனையில் இருந்தவர் பூபாலசிங்கத்தின் பேரைக் கேட்டதும் உரக்கச் சொன்னது மேசைக்கு இந்தப் பக்கமும் கேட்டது. போன வருசம் அந்த மனுசன் எங்கள் எல்லைக் கல்லில் ஒன்று பிழையாக நடப்பட்டிருக்கிறது என்று சொல்லி எங்களை ஒரு நாள் முழுக்க அளக்க வைத்தார், அளந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி என்றது குரல். அதிகாரி பதிலுக்குச் சிங்களத்தில் "ஹரி, ஹரி", சரி சரி என்றுவிட்டு வைத்தார்.

படத்தையும் அறுபது பிரதியையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பயணம் போவதென்றால், போகிற எல்லாருடைய பேர், அடையாள அட்டை இலக்கம், போகும் காரணம் எழுதிய பட்டியல் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். வெளியில் வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. அலவி ஒரு ஓட்டோ பிடித்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான இழப்பு தொடங்கியது. பூபாலசிங்கம் யன்னலடிக் கதிரையில் போய் இருந்தார். வெளியே பார்த்தபடியே ஒன்று சொன்னார்.

"முப்பது வருசம் இந்த நாட்டை அளந்து குடுத்தனான், நேசம். என்ரை கையெழுத்து வைச்ச படம் இவையின்ரை அரசாங்கக் கந்தோர்ச் சுவரிலை இண்டைக்கும் தொங்கும். என்னட்டைக் கேக்கினம், உனக்குப் படம் கீறப் படிப்பிச்சது ஆர் எண்டு."

பிறகு, "ஹியூபேட்டுக்குச் சொல்லு, நான் விலகிறன். என்னாலை ஆருக்கும் கரைச்சல் வேண்டாம்" என்றார். அதோடு வாய் மூடிக்கொண்டது. சாப்பிடுவமோ? ஓம். தேத்தண்ணி? ஓம். புதன்கிழமை முழுவதும் அதே ஓம். பொலிஸ் திருப்பித் தந்த ஆளை இந்தக் கதிரை கொண்டுபோகப் பார்க்கிறது. போன தடவை மூன்று மாதம். இந்தத் தடவை அவருக்கு வயசு இன்னும் கூட.

ஹியூபேட் இரண்டு தரம் அலவியின் கடைக்கு டெலிபோன் எடுத்தார். அவருக்குக் காய்ச்சல் என்று நேசமலர் பொய் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை அவள் மேசையில் போய் இருந்தாள். ஒரு தாளை எடுத்தாள். கடிதத்தைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லாத கை. எழுதிக்கொண்டே, அவர் வாசிக்கிற அதே பள்ளிக்கூட இராகத்தில், உரக்க வாசித்தாள்.

"மலைச் செய்தி, பன்னிரண்டாம் இதழ். நிகழ்வு. சனிக்கிழமை முட்செடி பிடுங்க எல்லாரும் வரவும். படம் கிடையாது. வழி தெரியாதவர்கள் ஹியூபேட்டைப் பின்தொடரவும்."

ஓரக்கண்ணால் கதிரையைப் பார்த்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.

"இந்த முட்செடியை இலகுவில் அடையாளம் காணலாம். இதன் பூ நல்ல சிவப்பு நிறமாக, செவ்வரத்தம்பூவின் அளவில்..."

"மஞ்சள்."

அவள் கேட்காதது மாதிரி தொடர்ந்தாள். "செவ்வரத்தம்பூவின் அளவில் இருக்கும். வேரை விட்டுவிட்டுக் கொப்பை மட்டும் முறித்தால் போதும்."

"மஞ்சள் எண்டு சொல்லுறன்! சின்ன மஞ்சள் பூ! வேரோடை பிடுங்காட்டில் ஒண்டுக்குப் பத்தாய் வரும்! ஆர் உனக்கு இதைச் சொன்னது? நாற்பத்துமூண்டு பேர் வாசிக்கிற பேப்பரிலை..." அவர் எழும்பி வந்து தாளைப் பறித்தார். வாசித்தார். பிறகு அவளைப் பார்த்தார். "நீ வேணுமெண்டுதானே எழுதினனீ?"

"ஓம்" என்றாள் நேசமலர்.

அவர் கதிரையை இழுத்து மேசைக்கு எதிரே போட்டு இருந்தார். முழுவதையும் வெட்டினார், திருத்தினார், அவளுடைய எழுத்தில் ஒற்றைக் கொம்பு இல்லாத இடங்களுக்குக் கொம்பு போட்டார். மத்தியானம் அலவி புதிய இதழைக் கொப்பி எடுத்தான். அன்று பின்னேரம் ஹியூபேட் பதினாலு பேருடைய விபரத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காய்ச்சல் எப்படி என்று கேட்டார். பூபாலசிங்கம், என்ன காய்ச்சல் என்று கேட்டார். நேசமலர் தேத்தண்ணி ஊத்த உள்ளே போய்விட்டாள்.

ஹியூபேட் போன பிறகு பூபாலசிங்கம் பட்டியலை எழுதத் தொடங்கினார். இங்கிலீசில், அளவையாளரின் அச்செழுத்தில், அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டு எழுதினார். பேர், இலக்கம், காரணம். பதினாலு பேருக்கும் ஒரே காரணம்தான். முட்செடி பிடுங்க. கடைசிக் கட்டத்தை முடித்துப் பேனையை மூடப் போனார்.

"மூடாதேங்கோ. இன்னும் ஒரு ஆள் இருக்கு."

"ஆர்?"

"நான்."

அவர் சிரித்தார். "நீயோ? உனக்கு அந்தக் குளிர் ஒத்துவராது. அட்டை கடிக்கும். அங்கை ஒரு கடை கிடையாது, கதைக்க ஆள் கிடையாது."

"என்ரை அடையாள அட்டை இந்தா. இலக்கத்தை எழுதுங்கோ."

அவர் அவளுடைய பேரை எழுதினார். இலக்கத்தை எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனை நின்றது. "உனக்கும் முட்செடி எண்டுதானே போடுறது?"

"பொலிசுக்குப் பொய் எழுதக் கூடாது. முட்செடி எனக்கென்னத்துக்கு? உங்களைத் தனியா விட ஏலாது எண்டு எழுதுங்கோ. செவ்வாய்க்கிழமை அந்த வாங்கிலை இருந்தபோதே முடிவெடுத்திட்டன். இனி எங்கை கொண்டுபோனாலும் எங்கள் ரெண்டு பேரையும் கொண்டுபோகட்டும்."

பூபாலசிங்கம் அதை அப்படியே அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடக்கமுடியாமல் யோசித்தார். பிறகு 'கணவரைப் பார்த்துக்கொள்ள' என்று இங்கிலீசில் எழுதினார். எழுதிப் பேனையை வைத்தார். ஊரை விட்டு வந்த அன்றும், பொலிஸ் நிலையத்தில் இடுப்புப் பட்டியைக் கழற்றியபோதும் அழாத அந்த மனுசன், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். மை காயாத பட்டியலில் கண்ணீர் விழுந்துவிடப் போகிறது என்று நேசமலர் அதை மட்டும் மெல்ல இழுத்து எடுத்தாள். அவரை அழவிட்டாள்.